சிறிய நாய் சாக்லேட் தின்றுவிட்டால்: அறிகுறி தெரியும் முன்பே போட வேண்டிய கணக்கு

சாக்லேட் தின்ற நாய் முதல் சில மணி நேரம் நன்றாகத்தான் இருக்கும். வாலாட்டும், ஓடி விளையாடும், இன்னொரு துண்டு கிடைக்குமா என்று பார்க்கும். வீட்டில் உள்ளவர்களும் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார்கள். வாந்தியும் தவிப்பும் சில மணி நேரத்தில் வரலாம். நடுக்கமும் இதயப் படபடப்பும் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கும். மாலையில் கேக் வெட்டிய வீட்டில் அது நள்ளிரவுக்குப் பிறகு. தின்றதை வயிற்றிலிருந்து வெளியே எடுக்கும் வாய்ப்பு, நாய் நன்றாக இருந்த அந்த ஆரம்ப நேரத்தில்தான் இருந்தது. அதனால் நாயின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கணக்கைப் பார்த்து எடுங்கள். 5 நிமிடத்தில் போட்டுவிடலாம்.

கணக்குக்கு வேண்டிய விவரங்கள்

வாயில் இன்னும் துண்டு இருந்தால் பிடுங்கப் பாயாதீர்கள். பாய்ந்தால் அவசரமாக விழுங்கும். பிஸ்கட்டையோ ஒரு துண்டு கோழிக்கறியையோ காட்டினால் தானாகவே கீழே போடும். தரையில் சிதறியதை எல்லாம் பொறுக்கி, கிழிந்த உறைகளோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். உறையில் எடை, கோகோ சதவீதம், சேர்த்த பொருள்கள் எல்லாம் அச்சிட்டிருக்கும். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

எப்போது தின்றது என்று சரியாகத் தெரியாவிட்டால், சாக்லேட்டைக் கடைசியாக முழுதாகப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தின்றது என்று தெரியாவிட்டால், காணாமல் போனது முழுவதும் வயிற்றில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் பாதி பாதி என்று பிரிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே இரண்டுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். ஒன்று பாய்ந்து தின்றிருக்க, மற்றது உறையை நக்கியதோடு நின்றிருக்கலாம். எது எது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

நாயின் எடை தெரியாதா? நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை.

கணக்கு

கோகோவில் தியோபுரோமின் என்ற பொருளும் கொஞ்சம் காஃபினும் இருக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் இதயத்தையும் நரம்புகளையும் முடுக்கிவிடுபவை. இரண்டையும் சேர்த்து ஒரு கிராம் பொருளில் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்:

இனிப்பில்லாத கோகோ பவுடர்: 28 மி.கி.
இனிப்பில்லாத பேக்கிங் சாக்லேட்: 16 மி.கி.
70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க்: 9 மி.கி.
சாதாரண டார்க் சாக்லேட்: 5.5 மி.கி.
மில்க் சாக்லேட்: 2.3 மி.கி.
வெள்ளை சாக்லேட்: கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு

தின்ற கிராமை இந்த எண்ணால் பெருக்கி, நாயின் எடையால் (கிலோவில்) வகுத்தால் ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மி.கி. என்று வரும். 20 வந்தால் வாந்தி, பேதி, தாகம், தவிப்பு எதிர்பார்க்கலாம். 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 60க்கு மேல் வலிப்பு வரலாம். இந்தக் கோடுகள் கல்லில் செதுக்கியவை அல்ல. ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டு, ஒரு கம்பெனி சாக்லேட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே 20ஐ நெருங்கினாலே கிளினிக்குக்குக் கிளம்புவதுதான் சரி.

50 கிராம் டார்க் பார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50ஐ 5.5ஆல் பெருக்கினால் 275 மி.கி. அதை 25 கிலோ லாப்ரடார் தின்றால் கிலோவுக்கு 11. பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போகும். அதே பாரை 4 கிலோ பொமரேனியன் தின்றால் கிலோவுக்கு 69, வலிப்பு எல்லை. ‘எங்கள் நாய் எத்தனையோ தடவை தின்றிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது அவர் வளர்ப்பது எந்த நாய், தின்றது எந்த சாக்லேட் என்று யோசியுங்கள்.

மில்க் சாக்லேட்டில் நிலைமை கொஞ்சம் தளர்வு. 5 கிலோ நாய் 20ஐத் தொட 43 கிராம் தின்ன வேண்டும். ஒரு சின்ன துண்டைத் திருடியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது கோகோ பவுடர் டப்பாவுக்கு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 2.5 கிராம், அதாவது 70 மி.கி. 3 கிலோ நாய்க்கு அதுவே 20ஐத் தாண்டிவிடுகிறது. குவித்து எடுத்த ஒரு மேசைக்கரண்டி அதே நாயை 60க்கு மேல் கொண்டுபோய்விடும். வீட்டில் கேக் செய்யும் பழக்கம் பெருகியதிலிருந்து இந்த டப்பா எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது, பெரும்பாலும் கைக்கு எட்டும் கீழ் அலமாரியில்.

கேக்குக்கு உறை கிடையாது என்பதால் செய்முறையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1 கிலோ கேக்கில் 50 கிராம் கோகோ போட்டிருந்தால் மொத்தம் 1,400 மி.கி. 100 கிராம் துண்டில் 140. 5 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 28. மேலே டார்க் சாக்லேட்டும் கிரீமும் உருக்கி ஊற்றியிருந்தால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பேக்கரி கேக் என்றால் கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள், சொல்வார்கள். பேக்கிங்குக்கு விற்கும் டார்க் காம்பவுண்ட் கட்டிகளை, உறையில் வேறு விவரம் இல்லாவிட்டால், டார்க் சாக்லேட் என்றே கணக்கிடுங்கள். சத்துப்பான மாவுகளில் கோகோ கொஞ்சம்தான், சர்க்கரைதான் அதிகம். ஒரு ஸ்பூனுக்குக் கவலை வேண்டாம்.

குட்டி, வயதான நாய், இதய நோய் உள்ளது, ஏற்கனவே வலிப்பு வந்தது என்றால் 20 என்ற கோட்டை 10ஆக இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. பொமரேனியன், பக் போன்ற நாய்களுக்கு இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் டெரிபிலின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். அதில் இருக்கும் தியோபிலின் தியோபுரோமினின் உடன்பிறப்பு. இரண்டும் உடம்பில் கூடிக்கொள்ளும். அந்த மாத்திரையில் இருக்கும் நாய் என்றால் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சாக்லேட் தின்றுவிட்டு மூச்சு வாங்குகிறதே என்று அதை நீங்களாகக் கொடுத்துவிடவும் கூடாது.

போனில் என்ன சொல்வது

‘டாக்டர், நாய் சாக்லேட் தின்றுவிட்டது’ என்று மட்டும் சொன்னால் அவர் 10 கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லுங்கள்: ‘டாக்டர், 4 கிலோ பொமரேனியன், 3 வயது ஆண். 7 மணி வாக்கில் 50 கிராம் டார்க் சாக்லேட் தின்றுவிட்டது. கிலோவுக்கு 69 மி.கி. வருகிறது. இப்போது மணி 7:40. இன்னும் வாந்தி எடுக்கவில்லை, மற்றபடி சாதாரணமாக இருக்கிறது. உங்களிடம் வாந்தி எடுக்க வைக்க ஊசி இருக்கிறதா? ராத்திரி டிரிப்ஸ் போட்டு வைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா?’

கடைசி இரண்டு கேள்விகளும் முக்கியம். எல்லாச் சிறிய கிளினிக்கிலும் இரண்டும் இருக்காது. ஒரு இடத்துக்குப் போய்விட்டுத் திரும்புவதில் போகும் ஒரு மணி நேரம் ஈடுகட்ட முடியாதது. சென்னையில் வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் போன்ற இடங்களில் சிறப்பு மருத்துவர்கள் உண்டு. எந்த இடமானாலும் இரவில் யார் இருப்பார்கள் என்று போனில் கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள்.

வாந்தி எடுக்க வைப்பது தின்ற 2 மணி நேரத்துக்குள் நன்றாகப் பலன் தரும். சாக்லேட் வயிற்றில் உருகிக் கட்டியாகத் தங்கும் குணமுள்ளது என்பதால், அறிகுறி எதுவும் தொடங்காத நாய்க்கு 4, சில சமயம் 6 மணி நேரம் கழித்தும் மருத்துவர் முயன்று பார்ப்பார். அதையும் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மற்ற சிகிச்சைகளுக்கு அப்போதும் நேரம் இருக்கிறது.

வீட்டில் செய்யக் கூடாதவை

உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கு விஷம் முறிக்க என்று நம் ஊரில் வழிவழியாகச் செய்துவந்த இந்த வேலை, சிறிய நாய்க்கு சாக்லேட்டைவிடப் பெரிய ஆபத்து. ஒரு மேசைக்கரண்டி உப்பு ஏறக்குறைய 17 கிராம். நாய்க்கு கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பிலேயே விஷ அறிகுறி தொடங்கலாம், 4 கிராம் அளவில் உயிரே போகலாம். 5 கிலோ நாய்க்கு வாந்தி வராமல் அந்த ஒரு கரண்டி உள்ளேயே தங்கிவிட்டால், ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும், அதுவும் வலிப்பில்தான் போய் முடியும். சோப்புத் தண்ணீர், கடுகுக் கரைசல், தொண்டைக்குள் விரல் விடுவது, எதுவும் வேண்டாம். விரல் விட்டால் கடிதான் கிடைக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய. அவை சொல்லும் அளவு 3 சதவீதக் கரைசலுக்கானது. நம் மருந்துக்கடையில் கிடைக்கும் பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்று இருந்தால் அது ஏறக்குறைய 6 சதவீதம், இரு மடங்கு. தலைமுடிச் சாயத்தோடு வருவது இன்னும் கடுமையாக இருக்கலாம். உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகி ரத்த வாந்தி எடுக்கும். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்து, மருத்துவரே போனில் அளவு சொன்னால் மட்டும், பாட்டிலில் அச்சிட்டிருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் கூடாது. அவற்றுக்கு வாந்தி மூச்சுக்குழாயில் எளிதில் புரையேறும். ஏற்கனவே நடுங்குகிற, தள்ளாடுகிற, மயங்கிய நாய்க்கும் இதே காரணத்தால் கூடாது.

கரி நல்லது என்று கேள்விப்பட்டு அடுப்புக்கரியையோ சாம்பலையோ கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, மருத்துவர் கொடுக்கும் பதப்படுத்திய மருத்துவக் கரி வேறு. மருந்துக்கடைக் கரி மாத்திரையும் இங்கே உதவாது. கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் 5 கிலோ நாய்க்கு 5 கிராம், 250 மி.கி. மாத்திரையில் 20 வேண்டும். அதை வாயில் திணிக்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போனால் காப்பாற்றுவது கடினம்.

பால் விஷத்தை முறிக்காது, கொழுப்பைத்தான் கூட்டும். வாந்தி எடுத்தால் நிறுத்த மாத்திரை கொடுக்காதீர்கள், அந்த வாந்தி நமக்கு வேண்டியது. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது இன்னொரு விஷத்தைச் சேர்ப்பது.

போகும் வழியில்

வண்டி குளிர்ச்சியாகவும் சத்தமில்லாமலும் இருக்கட்டும். தியோபுரோமின் ஏறிய நாய்க்கு வெளிச்சமும் இரைச்சலும் நடுக்கத்தைக் கூட்டும். இறுக்கி அணைக்காதீர்கள், உடம்பு ஏற்கனவே சூடாகிக்கொண்டிருக்கும். வழியில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலை இடிக்காமல் துண்டை வைத்து, நேரத்தைப் பாருங்கள். வாயில் கையையோ கரண்டியையோ வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். உடம்பு கொதித்தால் பாதங்களிலும் வயிற்றிலும் ஈரத்துணி போதும், ஐஸ் வேண்டாம்.

கிளினிக்கில் நடப்பது

ஊசி போட்டதும் சில நிமிடங்களில் வாந்தி எடுக்கும். வாந்தியில் எவ்வளவு வந்தது என்று மருத்துவர் பார்ப்பார். பிறகு கரி. தியோபுரோமின் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து மறுபடி குடலுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்குப் போகும். அதனால் கரியை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுப்பதுண்டு. மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம், அது கரி. டிரிப்ஸ், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் தசையைத் தளர்த்தும் ஊசிகள், இசிஜி பார்த்துவிட்டு இதயத்துக்கு மருந்து. இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது, உடம்பு வெளியேற்றும் வரை நாயைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நாயின் உடம்பில் தியோபுரோமின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17.5 மணி நேரம் ஆகிறது, நம்மைவிட மிக மெதுவாக. 35 மணி நேரத்துக்குப் பிறகும் கால் பங்கு இருக்கும். ‘நேற்றே நடுக்கம் நின்றுவிட்டதே, ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்’ என்று மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள்.

எண் சிறியது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னால்

அடுத்த 24 மணி நேரம் யாராவது விழித்திருக்க வேண்டும். நாயின் இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் கையை வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி 4ஆல் பெருக்குங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் சிறிய நாய்க்குப் பெரும்பாலும் 90 முதல் 140 இருக்கும். மணிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். படுத்திருக்கும்போதே 160ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள், 180க்கு மேல் என்றால் கிளம்புங்கள். நிற்காத நடை, காரணமில்லாமல் திடுக்கிடுவது, பின்னங்கால் விறைப்பு, தசை துள்ளுவது, ஈறு வெளிறுவது அல்லது நீலம் பாய்வது, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டரில் 104 டிகிரி, இவற்றில் ஒன்று போதும் கிளம்ப.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போங்கள். சிறுநீர்ப்பையில் தங்கினால் காஃபின் அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்குப் போகும் என்பதுதான் காரணம். ஓட விடாதீர்கள். வாந்தி நின்ற பிறகு குழைந்த சோறும் தோலில்லாமல் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக, உப்பும் எண்ணெயும் வெங்காயமும் இல்லாமல். குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும், மருத்துவரிடம் கேட்டு முன்னதாகவே ஊட்டுங்கள்.

சாக்லேட்டோடு கூட வருபவை

உறையில் உலர்திராட்சை இருந்தால் மேலே போட்ட கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். சில நாய்களுக்குச் சில திராட்சையே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது, எத்தனை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டார்டாரிக் அமிலத்தைத்தான் இப்போது காரணமாகச் சொல்கிறார்கள். புளியிலும் அது நிறைய இருக்கிறது, ரசம் ஊற்றிய சோறு நாய்க்கு வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘சர்க்கரை இல்லாதது’ என்று இருந்தால் சேர்த்த பொருள்களைப் படியுங்கள். சைலிட்டால் அல்லது 967 என்ற எண் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கிலோவுக்கு 0.1 கிராமிலேயே ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்தில் சரியத் தொடங்கலாம், அளவு கூடினால் கல்லீரல் போகும். மால்டிட்டால், 965 என்றால் அந்தப் பயம் இல்லை, பேதியோடு நிற்கும்.

காபித்தூளுக்கும் இதே ஆபத்து உண்டு. டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையிலும் காஃபின் மிச்சமிருக்கும். அதைச் செடிக்குப் போடுபவர்கள் நாய் தோண்டாத தொட்டியாகப் பாருங்கள்.

தகடும் பிளாஸ்டிக் உறையும் உள்ளே போயிருந்தால் அடுத்த 3 நாள் மலத்தைக் கவனியுங்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி, மலம் போகவில்லை, வயிற்றைத் தொட்டால் கத்துகிறது என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். இதே 3 நாளில் இன்னொன்றும் வரலாம். சாக்லேட்டின் கொழுப்பால் கணையம் வீங்கும். விஷ அளவை எட்டாத மில்க் சாக்லேட்டும், ஏன், வெள்ளை சாக்லேட்டும்கூட இதைக் கொண்டுவரும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி, கும்பிடுவதுபோல நிற்கும் நாய்க்கு வயிறு வலிக்கிறது. விளையாடக் கூப்பிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சோற்றைத் தொடாமல் அப்படி நின்றால் அன்றே கூட்டிப்போங்கள்.